வரம்புக்கு அந்தப் பக்கம் இருந்த கண்டென்சர்

மகனே, போன வாரம் நீ இங்கே வந்திருந்தபோது, தோசையைப் பிய்த்து வாயில் போடும் முன் ஒரு விஷயம் சொன்னாய். "அம்மா, புதுசா ஒரு பவர் சப்ளை பண்ணிக்கினு இருக்கேன். வோல்ட்டேஜை வேணும்னா ஏத்தலாம், எறக்கலாம். கரண்ட்டுக்கு லிமிட் வெச்சிருக்கேன். ரெண்டு ஒயரை ஷார்ட் பண்ணாக்கூட மீட்டர் முள்ளு நான் சொன்ன எடத்துலதான் நிக்குது. ஆனா சின்னதா ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுபோய் வெச்சா, வெச்ச உடனே பூடுது. ஏன்னே தெரியல." நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிர் வீட்டுக்காரர்கள் உன்னைப் பார்க்க வந்துவிட்டார்கள். பேச்சு உன் கல்யாணத்துக்குப் போய்விட்டது. அப்புறம் உனக்குப் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விடையை நான் ஒரே வரியில் ஒரு கார்டில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த விடை எனக்குக் கிடைத்த கதையில் நீ இருக்கிறாய், உன் நைனா இருக்கிறார். அவர் இந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். உனக்கு இதையெல்லாம் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படி.

உனக்குக் கால் போனது நான்கு வயதில். மூன்று வயது என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய், அது தப்பு. அப்போது நான் திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். உன் நைனாவுக்குத் திருத்தணி தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா வேலை. வாரம் முழுக்க அங்கே ஒரு அறையில் தங்குவார். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ரேணிகுண்டா வந்து அங்கிருந்து வீட்டுக்கு வருவார். ஒரு வாரம் உனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டதும் எழுந்து நிற்கப் போனாய், இடது கால் உன் பேச்சைக் கேட்கவில்லை. போலியோ என்றார்கள். நான் அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ரொம்ப நாள் அழவில்லை. எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஊருக்குள் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. அங்கே டாக்டர் சேஷய்யா என்று ஒருவர். தெலுங்குக்காரர், மெட்ராசில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். செயலிழந்த தசை ஒரேயடியாகச் சூம்பிப் போகாமல் இருக்க, அதற்கு மெல்லிய மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைப்பார். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு துணிப் பட்டைகள். பெரியது தொடையில், சின்னது கெண்டைக்காலில். நர்ஸ் ஒரு சாவியை அழுத்தினால் கால் துள்ளும், விட்டால் அடங்கும். ஒரு பாட்டரிப் பெட்டி, கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளுக் கட்டை, ஒரு மீட்டர், அவ்வளவுதான் அவரிடம் இருந்த கருவி. உலர்ந்த தோல் முதலில் மின்சாரத்தை விடாது. உப்புத் தண்ணீர் ஊற ஊற விட ஆரம்பிக்கும். அப்படி விடும்போது முள் தானாகவே மேலே ஏறும். நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து கட்டையைத் தள்ளிக் குறைக்க வேண்டும். ஒரு நாள் அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை உருளப் போனதென்று அவள் அதைப் பிடிக்கத் திரும்பினாள். நீ கத்தினாய். தினமும் கத்துகிற பிள்ளைதானே என்று நான்கூட நினைத்தேன். பட்டையை எடுத்தபோது கெண்டைக்காலில் கொப்புளம். இன்றைக்கும் உன் காலில் இருக்கிற வட்டத் தழும்பு அதுதான். மாட்டு வண்டியில் சிராய்த்தது என்று யாரோ உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் அந்த நர்சைத் திட்டவில்லை. பெட்டியைத்தான் பார்த்தேன். ஒரு மனுஷி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பத்திரம் என்றால் அந்தப் பெட்டி அரைகுறை. டாக்டரிடம் போய், "நான் ஒரு பெட்டி பண்ணித் தரேன். கரண்ட் எவ்வளவுன்னு நீங்க வெச்சா அதுக்கு மேல போகாது" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தோல் ஊறினாலும்?" "ஊறினாலும்." "பட்டை நழுவி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டாலும்?" "ஒட்டிக்கிட்டாலும்." "செரி அம்மா, பண்ணுங்க. ஆனா முதல்ல என் கையில வெச்சுப் பார்ப்பேன். அப்புறம்தான் பிள்ளைங்க காலு."

உனக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாக இருக்கும். ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பாதையில் வைக்கிறாய். கரண்ட் ஏற ஏற அதில் விழும் வோல்ட்டேஜ் ஏறுகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு முதலாவதை அடக்குகிறது. எனக்கு அந்த வசதி இல்லை. டிரான்சிஸ்டர் என்ற சொல்லையே பத்திரிகையில்தான் பார்த்திருந்தேன். கையில் இருந்தவை பழைய ரேடியோக்களின் வால்வுகள். முதலில் ஃபியூஸ் வைக்கலாமா என்று யோசித்தேன். அத்தனை சின்னக் கரண்ட்டுக்கு உருகுகிற ஃபியூஸ் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது உருகுவதற்குள் தோல் வெந்துவிடும். பிறகு பெரிய ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் போட்டேன். தோல் உலர்ந்திருந்தால் கால் அசையவே இல்லை. அசைய வைக்க வோல்ட்டேஜை ஏற்றினால், ஊறியதும் பழைய கதைதான். கடைசியில் கைகொடுத்தது பென்டோடு. ஐந்து முனை வால்வு. ஒரு அளவுக்கு மேல் அதற்கு எவ்வளவு வோல்ட்டேஜ் கொடுத்தாலும், அது விடுகிற கரண்ட் கிட்டத்தட்ட மாறாது. அதன் கிரிட் கம்பிவலை ஒன்றுக்கு ஒரு குமிழ் வைத்து, எவ்வளவு விடவேண்டும் என்று அதில் அளவு வைத்தேன். இன்னொரு குமிழ் வோல்ட்டேஜுக்கு. வீட்டு லைன் பிள்ளைகளின் உடம்பைத் தொடவே கூடாது என்பதற்காகத் தனி டிரான்ஸ்பார்மர் சுற்ற வைத்தேன். இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கினேன். முள் குறித்த இடத்தில் போய் நின்றது. ஆடக்கூட இல்லை. லேபில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. கையில் வைத்தால் எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுத்தது. லைனின் அதிர்வு முழுதாக வடியாமல் வந்துகொண்டிருந்தது. அதை வடிக்க, வெளியே போகும் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு கண்டென்சரைப் போட்டேன். நீங்கள் கெப்பாசிட்டர் என்கிறீர்களே, அதுதான். குறுகுறுப்பு நின்றுபோனது. பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் சட்டைக் கையை மடித்தார். ஒரு பட்டையை முழங்கைக்கு மேல் கட்டினார், இன்னொன்றைக் கையில் எடுத்து மணிக்கட்டில் வைத்தார். வைத்த கணமே கை எகிறி மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது. நர்ஸ் கத்தினாள். அவர் கையை உதறிக்கொண்டு, "வத்தும்மா, வத்து" என்றார் தெலுங்கில். வேண்டவே வேண்டாம் என்று. நான் மீட்டரைக் காட்டினேன். "பாருங்க டாக்டர், முள்ளு தாண்டவே இல்லை." அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "என் கை பொய் சொல்லாது அம்மா. உங்க முள்ளுதான் எதையோ பார்க்காம விட்டுடுச்சு. இதைப் பிள்ளைங்க கிட்ட கொண்டுபோக நான் விடமாட்டேன்" என்றார். நான் பெட்டியைத் திரும்ப ரிக்‌ஷாவில் ஏற்றினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உன் நைனா வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் அவர் வாய் திறந்தால் திருத்தணிதான். ஆந்திரா பிரிந்ததிலிருந்தே எங்கள் பக்கத்துத் தமிழர்கள், தங்கள் தாலுக்கா மெட்ராசோடு சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லையை எங்கே போடுவது என்று பேச்சு நடந்துகொண்டே இருந்தது. உன் நைனா சர்க்கார் குமாஸ்தா என்பதால் மேடை ஏறமாட்டார். ஆனால் கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வருவார். அன்று அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் பெட்டியைக் கூடத்தில் வைத்து என் கையிலேயே பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்திவிட்டார். "இன்னாமே பண்ற? டாக்டரே வேணான்னு சொல்ட்டாரு. கைய சுட்டுக்கினு குந்தப் போறியா?" "நீங்க அந்த சுவிட்சு பக்கத்துல மட்டும் நில்லுங்க. நான் சொன்னா அணைச்சிடுங்க" என்றேன்.

வைத்தேன். தூக்கிப் போட்டது. எடுத்து உடனே மறுபடி வைத்தேன், ஒன்றும் இல்லை. இதென்ன? பட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வைத்தேன். தூக்கிப் போட்டது. உடனே வைத்தால் இல்லை, விட்டு வைத்தால் இருக்கிறது. உன் நைனா வேர்த்துப் போய் நின்றார். "போதும்மே, நிறுத்து. இல்லனா என் கைல வெச்சிப் பாரு. உன் கை வாணாம்" என்றார். அவர் கையிலும் வைத்தேன். ஐயோ என்று ஒரு கத்து கத்திவிட்டு, "இது இன்னா, எங்கனாச்சும் சேத்து வெச்சிக்கினு மொத்தமா குடுக்குற மாதிரி கீது" என்றார். அவர் வலியில் சொன்னார். நான் அதற்குள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். சும்மா இருக்கிற நேரத்தில் எங்கோ ஏதோ நிரம்புகிறது. நிரம்புகிற பொருள் அந்தப் பெட்டியில் வேறு என்ன இருக்கிறது?

இதுதான் உன் கேள்விக்கும் விடை. வால்வு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. தன் வழியாகப் போகும் கரண்ட்டை அது ஒருபோதும் மீற விடவில்லை. ஆனால் நான் கண்டென்சரை அதற்கு அந்தப் பக்கம், பட்டைகள் இருக்கிற பக்கம் வைத்துவிட்டேன். பட்டை கையில் படாத நேரத்தில் அது முழு வோல்ட்டேஜுக்கு நிரம்பிக்கொண்டது. பட்ட கணத்தில், வால்வு வழியாகப் போகாமல், நேராகத் தோலில் கொட்டிவிட்டது. மீட்டரின் முள் சோம்பேறி. அது எழுந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உன் சப்ளையிலும் வெளிமுனையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். ஆடாமல் இருக்கட்டும் என்று போட்டிருப்பாய். அதைக் கழற்றிவிட்டு, ஆட்டத்தை அடக்க எது போதுமோ அந்தச் சின்னதை மட்டும் விட்டு வை. பெரியதையெல்லாம் வரம்புக்கு முன்னால் கொண்டுபோ. இன்னும் ஒன்று. ஒயர் இரண்டும் ஒட்டிக்கொண்டால் மொத்த வோல்ட்டேஜும் உன் பெரிய டிரான்சிஸ்டர் தலையில்தான் விழும். அதன் சூட்டை வாங்கும் தகடு எவ்வளவு பெரியது வேண்டும் என்பதை அந்த நேரத்துச் சூட்டுக்குக் கணக்குப் போடு, சாதாரண நேரத்துக்கு அல்ல. அந்தச் சூட்டைக் குறைக்க, ஷார்ட் ஆனால் கரண்ட்டை வரம்புக்கும் கீழே மடக்கிவிடுகிற சுற்று ஒன்று உண்டு. புத்தகத்தில் அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒரு மோட்டாரை மாட்டினால் கிளம்பாமல் முனகிக்கொண்டே நிற்கும். உன் சப்ளையை வாங்குகிறவன் என்ன மாட்டுவான் என்று உனக்குத் தெரியாது, ஆகையால் நேரான வரம்பையே வை. தகட்டைப் பெரிதாகப் போடு. மேலதிகாரி செலவு என்று முணுமுணுத்தால், அவர் முன்னாலேயே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணிக் காட்டு.

அன்று மத்தியானமே கண்டென்சரை வால்வுக்கு முன்னால் மாற்றினேன். அங்கே ஒரு சோக் சுருளையும் சேர்த்துக் குறுகுறுப்பை அங்கேயே வடித்தேன். வெளிமுனைகளுக்குக் குறுக்கே வெறும் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன். பட்டை படாத நேரத்தில் கரண்ட் அதன் வழியாகப் போய்விடும், வோல்ட்டேஜ் உயர எழும்ப முடியாது. நான் முதலில், நான்தான் முதலில் என்று எனக்கும் உன் நைனாவுக்கும் சண்டை. அவரே முதலில் கையை நீட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். "வெச்சிட்டியா?" என்றார். பட்டை கையில் இருந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

டாக்டர் இரண்டாம் தடவை கை நீட்டத் தயங்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி நான் என்றைக்கும் உயர்வாகத்தான் பேசுவேன். வைத்தார், எடுத்தார், காத்திருந்து வைத்தார், நர்சைக் கூப்பிட்டுப் பட்டைகளை ஒன்றாக ஒட்டச் சொன்னார், உப்புத் தண்ணீரை அள்ளி ஊற்றச் சொன்னார். பிறகு, "எங்கே உங்க பையன்?" என்றார். அன்றிலிருந்து உன் காலுக்கு அந்தப் பெட்டிதான். நீ கத்துவதை நிறுத்திவிட்டாய். கால் துள்ளும்போது தவளை, தவளை என்று சிரிப்பாய். மற்றப் பிள்ளைகளுக்கும் அதையே வைத்தார்கள். அது அங்கே இருந்தவரை எந்தக் குழந்தைக்கும் கொப்புளம் வரவில்லை. உன் கால் தேறியது கரண்ட்டாலா என்று டாக்டரைக் கேட்டேன். "உயிரோட இருக்கிற நரம்பு தானாவே வேலையை எடுத்துக்கும் அம்மா. அது வர்ற வரைக்கும் தசை காத்திருக்கணும். உங்க பெட்டி காக்க வெச்சது. அதுக்கு மேல நான் சொன்னா பொய்" என்றார். அது எனக்குப் போதும்.

இதற்கிடையில் எல்லை முடிவாயிற்று. சத்தியவேடு பக்கம் இங்கே ஆந்திராவுக்கு வருகிறது, திருத்தணி அங்கே மெட்ராசுக்குப் போகிறது. உன் நைனா கேட்டது கிடைத்துவிட்டது. ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் எந்த ராஜ்யத்தில் இருக்க விருப்பம் என்று சொல்லலாம் என்றார்கள். அவர் திருத்தணியோடு போவார் என்பதில் எனக்குக்கூடச் சந்தேகம் இல்லை. நானும் கல்லூரி வேலையை விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு கூடப் போவதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நான் இங்கியே இருக்கறதா சொல்ட்டேன். சித்தூர்ல போடுவாங்களாம்" என்றார். நான் ஏன் என்று கேட்டேன். "கேட்டா இன்னா சொல்றது, சோத்தப் போடு" என்றார். அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரிந்தது பிறகுதான். அவரோடு வேலை பார்த்த முனுசாமி, திருமலைக்குப் போகிற வழியில், அடிவாரத்து அலிபிரிக்குப் போகும் முன் நம் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னார்: "எல்லாரும் சண்ட போட்டோம்மா அவங்கூட. இன்னாடா, தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினவன் நீ, நீயே அந்தப் பக்கம் குந்திக்கினா நல்லாவா கீதுன்னு கேட்டோம். என் புள்ள கால் திருப்பதில கீது, நான் எங்க போறதுன்னான். மெட்ராஸ்ல இதவிட பெரிய ஆஸ்பத்திரி கீதே, ஏன் போகக்கூடாதுன்னு கேட்டேன். அதுக்கு அவன் சொன்னான், பெரிய ஆஸ்பத்திரி அங்க கீது, ஆனா எம் பொண்டாட்டி பண்ண பொட்டி இங்கதான கீது, அப்டின்னான்." முனுசாமி சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தார். நான் சமையலறைக்குப் போய் அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கலந்தேன்.

நீ காலேஜில் படிக்கும்போது ஒரு தடவை அவரிடம், "உன் சிநேகிதனுங்க எல்லாம் அந்தப் பக்கம் போய்ப் பெரிய ஆளாயிட்டாங்க. நீ மட்டும் ஏன் நைனா தைரியமா போகல?" என்று கேட்டாய். அவர், "இங்க காத்து நல்லா கீதுடா" என்றார். நீ சிரித்தாய். பேச ஓரளவு வந்தாலும் எழுத வராத தெலுங்கை, முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆபீஸ் பரீட்சைக்காக உட்கார்ந்து படித்தவர் அவர். முதல் தடவை தவறினார், இரண்டாம் தடவை தேறினார். பதவி உயர்வு அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியில் அவருக்கு வந்தது. ஒரு நாள்கூட வீட்டில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் இதை உன்னிடம் சொல்வது நீ கேட்டதற்காகக் கூனிக் குறுக அல்ல. உனக்குத் தெரியாது, தெரியாமல் கேட்டாய். இப்போது தெரிந்துகொண்டாய், அது போதும்.

உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எப்படிப்பட்ட புருஷனாக இருக்கவேண்டும் என்று ஒரு தாய் எழுதவேண்டும் என்பார்கள். நான் ஒன்றுதான் எழுதுவேன். உன் மனைவி ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருந்தால், அது உனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நில். அவள் கேட்டால் கையைக் கொடு. இதை உன் நைனாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது அவர் திருப்பதி ஆபீசில்தானே, மாதக் கடைசியில் அங்கே அவருக்கு மாலை போடுகிறார்கள். லீவு போட்டு வரவேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. நீ வா. வந்து அவரிடம் எனக்குத் தெரியும் நைனா என்று எதையும் ஆரம்பிக்காதே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். விழா முடிந்ததும் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரோடு நடந்தே வீட்டுக்கு வா. நீ காலில் இரும்புப் பட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில், உன் நடைக்காக அவர் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். நீ பெங்களூர் போய்விட்டாய். இப்போது என்னோடு மார்க்கெட்டுக்குப் போகும்போதும் அதே நடைதான். நான் இரண்டு தெரு முன்னால் போய் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உன் அம்மா